யூரோ 2028 பார்க்க லண்டன் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பியக் கால்பந்துச் சாம்பியன்ஷிப் 2028 ஜூன் 9 முதல் ஜூலை 9 வரை பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடக்கிறது. 24 அணிகள், 51 ஆட்டங்கள், 8 நகரங்கள், 9 மைதானங்கள். தொடக்க ஆட்டம் கார்டிஃபில். அரையிறுதி இரண்டும் இறுதி ஆட்டமும் லண்டன் வெம்ப்ளியில். லண்டனின் இன்னொரு மைதானம் டோட்டன்ஹாம். இந்தப் பக்கம் லண்டனுக்கு மட்டும்தான். எல்லோரும் டிக்கெட்டைப் பற்றியே கேட்கிறார்கள். ஆனால் மாட்டிக்கொள்வது வேறு இரண்டு இடங்களில்: விசாவை எப்போது போடுவது என்பதில் ஒன்று, ஆட்டம் முடிந்து அறைக்குத் திரும்புவதில் இன்னொன்று. அதனால் அந்த இரண்டுக்கும் பதில் நீளமாக இருக்கும்.

டிக்கெட் எங்கே வாங்குவது?

போட்டியை நடத்தும் யுஇஎஃப்ஏ அமைப்பின் அதிகாரப்பூர்வத் தளத்தில். வேறு எங்கேயும் இல்லை. கேட்பவர்கள் இருக்கைகளைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் குலுக்கல் முறைதான். விண்ணப்பக் காலம் திறந்திருக்கும்வரை முதல் நாள் போட்டாலும் கடைசி நாள் போட்டாலும் வாய்ப்பு ஒன்றே. விடிய விடியக் கண் விழிக்க வேண்டாம். குலுக்கலில் விழாதவர்களுக்கு அதே தளத்தில் பின்னால் மறுவிற்பனை திறக்கும். வர முடியாதவர்கள் திருப்பிக் கொடுக்கும் டிக்கெட்டுகள் அங்கேதான் வரும். போட்டி நெருங்க நெருங்க அதைத் தினமும் எட்டிப் பாருங்கள்.

விலைக்கு ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், ஜெர்மனியில் நடந்த யூரோ 2024-இல் குழுநிலை ஆட்டத்துக்கு ஆகக் குறைந்த டிக்கெட் 30 யூரோ, இறுதி ஆட்டத்துக்கு 95 யூரோ. இறுதி ஆட்டத்தின் உயர்ந்த வகை 1,000 யூரோ.

மைதானத்துக்கு வெளியே யாராவது விற்றால் வாங்கலாமா?

வேண்டாம். இங்கிலாந்தில் அனுமதியில்லாமல் கால்பந்து டிக்கெட் விற்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கச்சேரி டிக்கெட்டுக்கு இப்படி இல்லை, கால்பந்துக்குத் தனிச் சட்டம். சட்டத்தை விடுங்கள், நடைமுறையிலேயே பயனில்லை. டிக்கெட் காகிதம் அல்ல, செல்போன் செயலிக்குள் இருப்பது. ஸ்கிரீன்ஷாட்டை வைத்து உள்ளே போக முடியாது.

செயலி டிக்கெட் எப்படி வேலை செய்கிறது? போனில் என்ன தயார் செய்ய வேண்டும்?

கடந்த இரண்டு யூரோக்களிலும் இருந்த முறை இது. டிக்கெட்டைச் செயலியில் இறக்கிக்கொள்கிறீர்கள். ஆனால் கியூஆர் குறி உடனே தெரியாது. மைதானத்தை நெருங்கும்போது அங்குள்ள கருவிகளோடு புளூடூத் வழியாகப் பேசிய பிறகுதான் அது உயிர்பெறும். புளூடூத்தை அணைத்து வைத்துவிட்டு, "டிக்கெட் வேலை செய்யவில்லை" என்று வாசலில் பதறுகிறவர்களை ஒவ்வொரு ஆட்டத்திலும் பார்க்கலாம்.

நான்கு டிக்கெட்டும் ஒரே போனில் இருந்தால் நான்கு பேரும் ஒன்றாகத்தான் நுழைய வேண்டும். ஆளுக்கொரு போன் இருந்தால் முந்தின நாளே செயலி வழியாக அனுப்பிவிடுங்கள். அன்றைக்கு வாசலில் நெட்வொர்க் திணறும். சார்ஜ் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது அறையை விட்டுக் கிளம்பாதீர்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் டிக்கெட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும். இனிஷியலை விரித்து எழுதுவதில் நம்மவர்களுக்கு வரும் சிக்கல் இங்கேயும் வரும்.

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு என்ன விசா?

பிரிட்டனின் பார்வையாளர் விசா, ஆறு மாதத்துக்கானது. 2025 ஏப்ரலில் இதன் கட்டணம் 127 பவுண்ட் ஆனது. அநேகமாக ஒவ்வோர் ஏப்ரலிலும் கட்டணம் மாறுகிறது. போடும் நாளில் பிரிட்டன் அரசின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா பிரிட்டனுக்குச் செல்லாது. மறுதலையும் அப்படித்தான்.

பயணத் தேதிக்கு மூன்று மாதத்துக்கு முன்னால்தான் விண்ணப்பிக்க முடியும். கைரேகை கொடுத்த பிறகு முடிவு வரச் சாதாரணமாக மூன்று வாரம். ஜூலை முதல் வாரம் கிளம்புகிறவர் ஏப்ரல் முதல் வாரத்திலேயே போட்டுவிடுவது நல்லது. மே, ஜூனில் கோடை விடுமுறைக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். சென்னையிலோ கொழும்பிலோ விசா விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் மையத்தில் கைரேகைக்கு நாள் கிடைப்பதே இழுக்கும். அவசர வழி உண்டு, ஐந்து வேலை நாளில் முடிவு. அதற்கு மேலதிகமாக 500 பவுண்ட்.

டிக்கெட் கையில் இருப்பதால் விசா கிடைத்துவிடாது. அதிகாரி பார்ப்பது வேறு: செலவுக்குப் பணம் இருக்கிறதா, அது உங்கள் பணம்தானா, திரும்பி வருவதற்கு ஊரில் உங்களுக்குக் காரணம் இருக்கிறதா. ஆறு மாத வங்கி அறிக்கையில் கடைசி வாரம் திடீரென்று ஐந்து லட்சம் வந்து விழுந்திருந்தால், அது எங்கிருந்து வந்தது என்பதற்குத் தாள் வேண்டும். நிலம் விற்றதா, வைப்பு முதிர்ந்ததா, அப்பா கொடுத்ததா? எதுவானாலும் ஒரு கடிதமும் ஆதாரமும் வையுங்கள். இந்த ஒரு விஷயத்தில் திருப்பி அனுப்பப்படுகிற விண்ணப்பங்கள் ஏராளம். சம்பளச் சீட்டில் இருக்கும் தொகையும் வங்கியில் விழும் தொகையும் பொருந்தாமல் போவது அடுத்தது. மறுத்துவிட்டால் கட்டணம் திரும்பி வராது. ஆகையால் விமான டிக்கெட்டை விசா வந்த பிறகு எடுங்கள், அல்லது ரத்து செய்யக்கூடியதாக எடுங்கள்.

மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு?

விசா வேண்டாம். இடிஏ எனப்படும் மின்னணுப் பயண அனுமதி போதும், செயலியிலேயே விண்ணப்பிக்கலாம். இரண்டு ஆண்டு செல்லும்; அதற்குள் பாஸ்போர்ட் காலாவதியானால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

சுவிட்சர்லாந்தில், பிரான்ஸில், ஜெர்மனியில் இருக்கிறோம். ரயிலேறி வந்துவிடலாம்தானே?

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பிரிட்டன் பார்ப்பது உங்கள் பாஸ்போர்ட்டை, வதிவிட அட்டையை அல்ல. சுவிஸ், பிரெஞ்சு, ஜெர்மன் குடியுரிமை எடுத்துவிட்டவர்களுக்கு இடிஏ போதும் (2025 ஏப்ரல் 2 முதல் அதுவும் கட்டாயம்). ஆனால் இலங்கைப் பாஸ்போர்ட்டிலேயே இருப்பவர், இருபது வருஷமாகச் சூரிச்சில் வசித்தாலும், விசா எடுக்கத்தான் வேண்டும். அகதிப் பயண ஆவணம் வைத்திருப்பவர்களும் விசா எடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஒரே வீட்டில் பிள்ளைக்கு இடிஏ, அம்மாவுக்கு விசா என்று வரும். எல்லோருடையதையும் தனித்தனியாகப் பாருங்கள். யூரோஸ்டார் ரயிலில் பாரிஸ் ரயில் நிலையத்திலேயே பிரிட்டன் குடிவரவுச் சோதனை முடிந்துவிடும். தாள் இல்லாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

அதே விசாவில் டப்ளின் ஆட்டத்துக்கும் போகலாமா?

அயர்லாந்து தனி நாடு, தனி விசா. இந்தியர்களுக்கு இரு நாடுகளும் சேர்ந்து செய்த ஓர் ஏற்பாடு உண்டு. உங்கள் விசா அதன்கீழ் வருகிறது என்ற குறிப்பு இருந்தால்தான் அது செல்லும், அதுவும் விசா கொடுத்த நாட்டுக்குள் முதலில் நுழைந்திருக்க வேண்டும். கார்டிஃப், கிளாஸ்கோ போன்ற இடங்களுக்குப் பிரிட்டன் விசாவே போதும்.

ஹீத்ரோவில் இறங்கி வெம்ப்ளிப் பக்கம் எப்படிப் போவது?

இரண்டு நல்ல வழிகள். எலிசபெத் லைனில் பாண்ட் ஸ்ட்ரீட் வரை வந்து, ஜூபிலி லைன் மாறி வெம்ப்ளி பார்க் வரலாம். அல்லது பிக்கடில்லி லைனில் ஏறி ஆக்டன் டவுனில் இறங்கி, ரெய்னர்ஸ் லேன் அல்லது அக்ஸ்பிரிட்ஜ் என்று பலகை போட்ட பிக்கடில்லி ரயிலுக்கு மாறினால் வெம்ப்ளிக்குத் தெற்கே உள்ள ஆல்பர்ட்டன். இரண்டாவது மலிவு, ஈலிங் ரோட்டில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு அதுவே நேர் வழி. ஆக்டன் டவுனில் மாறாமல் உட்கார்ந்திருந்தால் நேராக நகர மையத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும், கவனம்.

பெட்டி படுக்கையோடு விமான நிலையத்திலிருந்து நேரே ஆட்டத்துக்கு வராதீர்கள். ஏ4 தாளைவிடப் பெரிய பையை உள்ளே விடமாட்டார்கள். பெட்டியை வாசலில் வாங்கி வைப்பார்கள் என்று நம்பாதீர்கள்.

ஆய்ஸ்டர் கார்டு வாங்க வேண்டுமா?

லண்டன் ரயிலிலும் பஸ்ஸிலும் தட்டிவிட்டுப் போகும் பயண அட்டை அது. பெரும்பாலும் தேவையில்லை. வங்கி அட்டையையோ போனையோ நிலைய வாசலில் தட்டிவிட்டுப் போகலாம், கட்டணம் ஒன்றுதான். ஆனால் நம்மவர்கள் இடறும் இடங்கள் சில உண்டு.

இந்திய அட்டை என்றால், ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி வெளிநாட்டுப் பயன்பாடும் தட்டிப் பணம் செலுத்தும் வசதியும் நீங்களாகத் திறக்கும்வரை மூடியே இருக்கலாம். கிளம்பும் முன் வங்கிச் செயலியில் இரண்டையும் திறங்கள். முதலாவதை மட்டும் திறந்தால் ஏடிஎம்மில் வேலை செய்யும், ரயில் வாசலில் சிவப்பு விளக்கு எரியும்.

ஆளுக்கொரு அட்டை வேண்டும். ஒரே அட்டையை இரண்டு பேர் தட்டினால் கதவு திறக்காது. காலையில் அட்டையைத் தட்டிவிட்டு மாலையில் அதே அட்டையைப் போன் வழியாகத் தட்டினால், அமைப்பு அவற்றை இரண்டு பேராகக் கணக்கிடும். ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்காது என்ற உச்சவரம்பின் பலனும் போய்விடும். ஏறும்போது தட்டியதுபோல இறங்கும்போதும் தட்ட வேண்டும். மறந்தால் அதிகபட்சக் கட்டணம். பஸ்ஸில் ஏறும்போது மட்டும்தான், இறங்கும்போது தட்டக் கூடாது. பஸ்ஸில் காசு வாங்கவே மாட்டார்கள்.

பிள்ளைகள் 11 வயதுக்குக் கீழே என்றால் பெரியவரோடு இலவசம். 11 முதல் 15 வரை இருந்தால் மட்டும் ஆய்ஸ்டர் வாங்கி, நிலைய ஊழியரிடம் இளம் பார்வையாளர் சலுகையைப் பதிந்து தரச் சொல்லுங்கள். 14 நாளுக்குப் பாதிக் கட்டணம்.

வெம்ப்ளி பார்க், வெம்ப்ளி சென்ட்ரல், வெம்ப்ளி ஸ்டேடியம் என்று மூன்று நிலையங்கள். எதில் இறங்குவது?

வெம்ப்ளி பார்க் பெரியது. ஜூபிலி, மெட்ரோபாலிட்டன் இரண்டும் நிற்கும். படியிறங்கினால் ஒலிம்பிக் வே என்ற அகன்ற நடைபாதை, கண்ணுக்கு நேரே 133 மீட்டர் உயர வளைவு, பத்து நிமிட நடை. பேக்கர் ஸ்ட்ரீட்டிலிருந்து மெட்ரோபாலிட்டன் ரயில் நடுவில் ஃபிஞ்ச்லி ரோட்டில் மட்டும் நிற்கும். ஜூபிலியோ ஒவ்வொரு நிலையத்திலும் நின்று நின்று வரும். வரும்போது மெட்ரோபாலிட்டனைப் பிடியுங்கள்.

வெம்ப்ளி ஸ்டேடியம் என்பது மேரில்போனிலிருந்து வரும் சில்டர்ன் ரயில்களின் நிலையம். பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். ஆனால் ரயில்கள் குறைவு, திரும்பும்போது வரிசை நீளம். வெம்ப்ளி சென்ட்ரலில் பேக்கர்லூவும், யூஸ்டன் போகும் லயனஸ் லைனும் நிற்கும். 2022-இல் இதே வெம்ப்ளியில் மகளிர் யூரோவை வென்ற இங்கிலாந்து அணியின் செல்லப்பெயரையே அந்த ரயில் பாதைக்கு வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து நடை 15–20 நிமிடம்.

ஆட்டம் முடிந்ததும் எவ்வளவு நேரத்தில் ரயில் ஏறலாம்?

90,000 இருக்கை. அதில் பெரும்பாலானோர் ஒரே நேரத்தில், ஒரே சாலையில், ஒரே நிலையத்தை நோக்கி நடப்பதை நினைத்துப் பாருங்கள். வரும்போது பத்து நிமிடமான ஒலிம்பிக் வே, போகும்போது ஒரு மணி நேரம் ஆகலாம். நடைமேடை நிரம்பி யாரும் தண்டவாளத்தில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகக் கூட்டத்தை நிலையத்துக்கு வெளியிலேயே பிடித்து வைத்து, தொகுதி தொகுதியாக விடுவார்கள். குறுக்கே குதிரைப் போலீஸ் நிற்கும், ஊழியர் கையில் 'நில்', 'போ' பலகை. முன்னால் இடித்துக்கொண்டு போய்ப் பயனில்லை. அடைப்பு திறக்கும்போதுதான் நகரும்.

இதற்கு மூன்று வழி. கடைசி விசிலுக்குப் பிறகு இருக்கையிலேயே இருங்கள், வெளியேறச் சொல்லும்வரை. கோப்பை வழங்கும் நாள் என்றால் எப்படியும் இருப்பீர்கள். இரண்டாவது, வெளியே வந்து ஒலிம்பிக் வே பக்கம் திரும்பாமல் தெற்கே வெம்ப்ளி சென்ட்ரலுக்கு நடந்து, ஹை ரோட்டில் எதையாவது சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். மூன்றாவது, கால் வலி இல்லாதவர்களுக்கு: ஈலிங் ரோடு வழியாக ஆல்பர்ட்டன் வரை நடந்து பிக்கடில்லி பிடிப்பது. அரை மணி நேரத்துக்கு மேல் நடை, ஆனால் நடந்துகொண்டே இருப்பீர்கள். டாக்சி, ஊபர் எல்லாம் அந்த நேரத்தில் வீண், சாலைகளை அடைத்திருப்பார்கள்.

இரவு 8 மணிக்குத் தொடங்கும் நாக் அவுட் ஆட்டம் கூடுதல் நேரம், பெனால்டி வரை போனால் முடிய 10.45 ஆகும். சாதாரண நாளில் கடைசி ரயில்கள் நள்ளிரவை ஒட்டித்தான். வெள்ளி, சனி இரவுகளில் மட்டும் ஜூபிலி, விக்டோரியா, பிக்கடில்லி உட்பட ஐந்து பாதைகள் விடிய விடிய ஓடும். வார நாள் ஆட்டத்துக்கு வருகிறவர்கள் இரண்டு ரயில் மாற வேண்டிய இடத்தில் அறை எடுக்காதீர்கள். முதல் ரயில் கிடைத்து, மாற வேண்டிய ரயில் போயிருக்கும்.

அப்படியானால் எங்கே தங்குவது நல்லது?

மைதானத்தை ஒட்டிய ஓட்டல்கள் அந்த நாட்களில் என்ன விலை சொல்லும் என்பது தெரிந்ததே. ஜூபிலி அல்லது மெட்ரோபாலிட்டன் பாதையில் எங்கிருந்தாலும் சரி. ஹாரோ-ஆன்-தி-ஹில் எங்கள் முதல் தேர்வு: மாறாமல் வரலாம், புறநகர்ப் பக்கம் போகும் ரயிலில் நகர மையம் போகும் ரயிலைவிட நெரிசல் குறைவு, தமிழர் கடைகளும் உண்டு.

சொந்தக்காரர் வீட்டில் தங்கி அவர்கள் காரில் வருகிற திட்டமா? ஆட்ட நாளில் மைதானத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் அனுமதிச் சீட்டு இல்லாத கார் நிறுத்தினால் அபராதம். வெம்ப்ளிவாசிகளுக்கு இது நன்றாகத் தெரியும். வெளியூர்ச் சித்தப்பாதான் மாட்டுவார்.

டோட்டன்ஹாம் மைதானத்துக்கு?

முதலில் ஒன்று: டோட்டன்ஹாம் கோர்ட் ரோடு நிலையத்தில் இறங்காதீர்கள். அது நகர மையத்தில் கடைத்தெரு. மைதானம் அங்கிருந்து பத்துக் கிலோமீட்டர் அளவு வடக்கே. லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து வீவர் லைனில் ஏறி ஒயிட் ஹார்ட் லேனில் இறங்கினால் மைதானம் பக்கத்திலேயே. அந்த நிலையத்தில் வரிசையில் நிற்கப் பொறுமை இல்லாவிட்டால் விக்டோரியா லைனில் செவன் சிஸ்டர்ஸ் வந்து அரை மணி நேரம் நேரே நடக்கலாம். மைதானத்துக்குள் ரொக்கம் செல்லாது.

லிவர்பூல் ஸ்ட்ரீட் என்பது லண்டன் நிலையம். லிவர்பூல் நகரத்திலும் யூரோ ஆட்டங்கள் உண்டு; அதற்கு ரயில் யூஸ்டனிலிருந்து. பெயரைப் பார்த்துக் குழம்பியவர்கள் உண்டு.

உள்ளே என்ன கொண்டு போகலாம்? எந்த இருக்கை?

சிறிய பை, போன், மெல்லிய மழைக்கோட்டு. நீளக் குடை, செல்ஃபி கம்பு, கண்ணாடிப் போத்தல், கொடிக்கம்பு கூடாது. பறை, தவில் என்று திட்டமிருந்தால் முன்அனுமதி வேண்டும். கதவு பொதுவாக மூன்று மணி நேரம் முன்னால் திறக்கும். புகை, மின்சிகரெட் இரண்டுக்கும் உள்ளே தடை. பீர் உள்ளே விற்பார்கள். ஆனால் ஆடுகளம் தெரியும் இடத்தில் குடிப்பது 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உள்வராந்தாவிலேயே முடித்துவிட்டு வர வேண்டும்.

வெம்ப்ளியில் பிளாக் எண் 5-இல் தொடங்கினால் மேல் அடுக்கு. முழு ஆட்டமும் வரைபடம்போலத் தெரியும், ஆனால் படிகள் செங்குத்து. முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு 1-இல் தொடங்கும் கீழ் அடுக்கைக் கேளுங்கள்.

குடும்பத்தோடு வருவது பாதுகாப்பா?

சாதாரணமாக ஆம். வெம்ப்ளியில் 2021 ஜூலை 11 அன்று நடந்த யூரோ 2020 இறுதி ஆட்டத்தில் டிக்கெட் இல்லாத சுமார் 2,000 பேர் அடைப்பை உடைத்துக்கொண்டு நுழைந்தார்கள். லூயிஸ் கேசி தலைமையிலான விசாரணை அறிக்கை அன்று 17 முறை கூட்டமாக உடைப்பு நடந்ததைப் பதிவு செய்தது. அதிலிருந்து பெரிய ஆட்டங்களுக்கு வெளிவளையத்திலேயே சோதனை கடுமை. டிக்கெட் இல்லாத அத்தையை வாசல்வரை கூட்டிவந்து வழியனுப்புவது நடக்காது. பிரிந்துவிட்டால் சந்திக்கும் இடமாக மைதானத்துக்கு வெளியே இருக்கும் பாபி மூர் சிலையைச் சொல்லாதீர்கள், எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். எஞ்சினியர்ஸ் வேயில் நூலகம் இருக்கும் பிரென்ட் சிவிக் சென்டர் நல்ல அடையாளம். அவசரத்துக்கு 999. ரயிலில் யாராவது தொல்லை கொடுத்தால் 61016-க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். ரயில்வே போலீஸ் எண் அது.

சாப்பாடு?

மைதானத்துக்குள் விலை அதிகம், ருசி சுமார். முன்னாலேயே ஈலிங் ரோட்டில் முடித்துவிடுங்கள். சைவம் என்றால் குஜராத்திக் கடைகள், கொத்து ரொட்டியும் இடியப்பமும் வேண்டுமென்றால் ஈழத்தமிழர் கடைகள். ஆல்பர்ட்டனில் ஈழபதீஸ்வரர் ஆலயம் இருக்கிறது. பெனால்டி வரை போகும் என்று தோன்றினால் காலையிலேயே ஓர் அர்ச்சனை.

பிளக் மாறுமா?

இந்தியப் பிளக் நுழையாது, மூன்று தட்டைக் கால்கள் உள்ள அடாப்டர் வாங்குங்கள். மலேசியா, சிங்கப்பூர் பிளக் அப்படியே பொருந்தும்.

இறுதி ஆட்டம் ஊரில் எத்தனை மணிக்கு? வீட்டில் கேட்கிறார்கள்.

லண்டனில் மாலை 5 மணி, இந்தியாவிலும் இலங்கையிலும் இரவு 9.30. மலேசியாவில் நள்ளிரவு 12. நீங்கள் டிவியில் தெரிவீர்களா என்று தேடிக்கொண்டிருப்பார்கள். பிளாக் எண்ணைச் சொல்லிவிட்டுப் போங்கள்.